சட்டமன்ற உறுப்பினர் ஆனவர் அதற்கு மேல் எங்கே போவார்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். தமிழ்ப்பள்ளி கோலாலம்பூரின், அதாவது மத்திய அரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. அதனால்தான் தோட்டத்தில் பட்டா, கோயில் நிலம் என்றால் சனங்கள் முதலில் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போகிறார்கள்.

சரி, மேலே போகும் வழி? பேராக்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, வீ. சிவகுமார். 2008இல் துரோனோ சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். அதே ஆண்டு சட்டமன்ற சபாநாயகர். மொத்தம் 59 இடங்களில், ஆட்சியைப் பிடித்த அவர் அணிக்கு 31தான். 2009 பிப்ரவரியில் 3 பேர் விலகியதும் இரு பக்கமும் 28 ஆகி, அந்த 3 பேரும் எதிர் அணியை ஆதரித்ததால் ஆட்சி கைமாறியது. மே 7ஆம் தேதி கூடிய சபையில் சபாநாயகரை நாற்காலியோடு சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கே பலரும் அவர் கதை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தார்கள்.

முடியவில்லை. 2013இல் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சர். ஓராண்டு கழித்து அமைச்சரவை மாற்றத்தில் அந்தப் பதவி போனது. ஆனால் எல்லாரும் கோலாலம்பூர் போவதில்லை. பேராக்கின் சுங்காய் (Sungkai) சட்டமன்றத் தொகுதியின் அ. சிவநேசன் 2008 முதல் அங்கேயேதான், மாநில அமைச்சரவை மாதிரியான ஆட்சிக்குழுவிலும் இருந்திருக்கிறார். தோட்டத்து ஆட்களுக்கு இவர் மாதிரி ஆள்தான் அதிகம் பயன்படுவார் என்பது என் கணக்கு.