வால்வும் மோட்டாரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறேன். கீழே ஓடையில் மோட்டார், மேல் படியில் வால்வு, இரண்டிலும் லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் சிறு செய்தி அனுப்புவது). மூடுபனி நாட்களில் செய்தி தவறிவிடுகிறது. வால்வு மூடிக்கிடக்க மோட்டார் ஓடி, குழாய் ஜாயிண்ட் பிய்ந்துவிடுகிறது. 'நிலையை மாற்று' என்ற கட்டளையை மூன்று முறை அனுப்பியும் பயனில்லை. ஆன்டெனாவை இன்னும் எவ்வளவு உயர்த்தலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தண்ணீர் பாய்ந்து மண்ணோடு பாத்தி போவது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று புரிகிறது. ஆனால் பனியைப் பழிக்காதீர்கள். லோரா பயன்படுத்தும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 செ.மீ.; பனித்துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நடுவிலுள்ள மேடுதான் மறைக்கும்.

'நிலையை மாற்று' என்பதையா மூன்று முறை அனுப்புவது? இரண்டு போய்ச் சேர்ந்தால் திறந்த வால்வு மறுபடி மூடிக்கொள்ளுமே! 'திற' என்று அனுப்புங்கள். எத்தனை முறை கேட்டாலும் திறந்தே இருக்கும்.

செய்தி வழியில் கெடுவதற்கும் மருந்துண்டு. கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட குறிமுறை, 4 பிட்டுக்கு (பிட் என்பது 0 அல்லது 1) 3 காப்புப் பிட் சேர்த்து 7 பிட் 'சொல்' ஆக்கி, அதில் ஒரு பிட் பிழையைத் திருத்தும். மோட்டார் ஸ்டார்ட்டரின் தீப்பொறியோ அடுத்தடுத்த பிட்டுகளைக் கெடுக்கும். ஒரே சொல்லில் இரண்டு கெட்டால் 'திருத்தி' வேறொரு சொல்லைத் தந்துவிடும். ஆகவே பல சொற்களின் பிட்டுகளை ஒன்றோடொன்று கலைத்து அனுப்ப வேண்டும்; அப்போது கெட்டவை வெவ்வேறு சொற்களுக்குப் பிரிந்துவிடும். மறுமுனையில் பிரித்தபின், செய்தியோடு வரும் 16 பிட் சரிபார்ப்பு எண் (சிஆர்சி) பொருந்தாததைத் தூக்கி எறிய வேண்டும்.

இவ்வளவு செய்தாலும், சொன்னது மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற உறுதி கிடைக்காது. ஒப்புதல் கேட்டால் அந்த ஒப்புதலுக்கும் ஒப்புதல் வேண்டும்; கடைசிச் செய்தி எப்போதும் தொலையலாம். இதற்கு முடிவில்லை என்று 1975-லேயே கணினி ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நீங்கள் ஆன்டெனாவைப் பனைமர உயரத்துக்கு ஏற்றினாலும் இது மாறாது. அதனால் தொலைந்தால் கேடு வராதபடி வேலையை அமையுங்கள்.

முதலில் வால்வு திறக்கட்டும். முழுதும் திறந்ததைக் காட்டும் லிமிட் ஸ்விட்சைத் தொட்டபின், 'இன்னும் 3 நிமிடம் மூட மாட்டேன்' என்று வால்வு 30 விநாடிக்கொரு முறை சொல்லட்டும். அதைக் கேட்டால் மட்டும் மோட்டார் ஓட வேண்டும். கடைசியாகக் கேட்டு 2 நிமிடமானால் தானே நிற்க வேண்டும். மூடும் நேரம் வந்தால் வால்வு பேச்சை நிறுத்தி, 3 நிமிடம் கழித்து மூடட்டும். இடையிலுள்ள ஒரு நிமிடம்தான் உங்கள் ஜாயிண்டைக் காப்பது. தண்ணீர் அவசரத்தில் அதைக் குறைத்துவிடாதீர்கள். தவறிய பழைய செய்தியை மறுபடி அனுப்பவே கூடாது. மோட்டார் தாமதமாகக் கேட்டால் கணக்கு பிசகும். ஒவ்வொரு முறையும் வரிசை எண்ணுடன் புதுச் செய்தி போகட்டும்.

அமைத்து முடித்ததும், மோட்டார் ஓடும்போதே வால்வு ரேடியோவின் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். 2 நிமிடத்துக்குள் மோட்டார் நிற்க வேண்டும்.