நாய் வளர்க்கும் வீட்டில் மரத்தரைப் பூச்சைக் கீறலிலிருந்து எப்படிக் காப்பது?

ஓக் தரை, மேலே பாலியூரித்தேன் (ஒருவகை வார்னிஷ்) பூச்சு, வீட்டில் லாப்ரடார் என்று கேட்டிருக்கிறீர்கள். நாயின் நகத்தைவிட மோசமான எதிரி மணல்தான். காலுக்கடியில் உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். வாசலில் மிதியடி போடுங்கள், தினமும் பெருக்குங்கள். நகத்தை நீள விடாமல் வெட்டிவந்தால் கீறலும் குறையும். நாய் வேகமாகத் திரும்பும் இடங்களில் விரிப்பு போடலாம். அடியில் ரப்பர் வேண்டாம், பூச்சில் கறை விழக்கூடும்.

மெழுகு பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறகு அதன் மேல் புதுப் பூச்சு சரியாகப் பிடிக்காது. பூச்சு மங்கியதும், மரம் வெளியே தெரிவதற்குள், லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் கொடுத்துவிட்டால் தரை முழுவதையும் இழைக்கும் செலவு மிச்சம். அப்புறம், அந்தக் கோட் பளபளப்பில்லாத 'மேட்' ரகமாக இருக்கட்டும்; பளபளப்பில் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும்.