ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் தொடரின் ‘4,722 ஹவர்ஸ்’ எபிசோடில் அப்படி என்னதான் இருக்கிறது?

“உளவு வேலை இல்லை, பெரிய சண்டை இல்லை, அவள் தப்பித்துவிட்டாள் என்பதும் முன்பே தெரியும், பிறகு எதற்கு இத்தனை புகழ்ச்சி?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுத்த எபிசோட் ஒரு பொத்தான் தொலைவில் இருக்க, நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் அதைப் பார்த்தது நடுக்கடலில்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஷீல்ட் என்ற உளவு அமைப்பைப் பற்றிய அமெரிக்கத் தொடரின் மூன்றாவது சீசனில் ஐந்தாவது எபிசோட் இது, 2015 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. விஞ்ஞானி ஜெம்மா சிம்மன்ஸை ஒரு கருங்கல் விழுங்கி, வெயிலே இல்லாத நீலப் பாலைவனக் கிரகம் ஒன்றில் துப்பிவிடுகிறது. அவளை நேசிக்கும் சக விஞ்ஞானி ஃபிட்ஸ் அவளை மீட்டுவிட்டதை இரண்டாவது எபிசோடிலேயே காட்டிவிட்டார்கள். இது அவள் அங்கே கழித்த நாட்களின் கதை. தொடரின் மற்ற முகங்கள் பெயருக்குத்தான் வருகின்றன. எலிசபெத் ஹென்ஸ்ட்ரிட்ஜ் ஒருத்தியே பாரத்தைச் சுமக்கிறார்.

இனி என் கதை. சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர் நான். 2019 டிசம்பர் 14 அன்று ஏறினேன், ஆறு மாத கான்ட்ராக்ட். ஜூனில் இறங்கியிருக்க வேண்டும். கொரோனா வந்தது, துறைமுகங்கள் எங்களை இறங்க விடவில்லை. மூன்று முறை பெட்டி கட்டினேன், மூன்று முறை பிரித்தேன். மூன்றாவது முறை துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கவில்லை. பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்தினேன். 2020 இறுதியில் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே கிடந்ததாக ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு சொன்னது. செய்தித்தாளில் அதை எத்தனை பேர் படித்தீர்கள்?

கப்பலில் படம் பார்ப்பதென்றால் ஹார்ட் டிஸ்க்தான். எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன டிஸ்க்கில் இந்தத் தொடர் இருந்தது. ஆனால் மூன்றாவது சீசனில் ஐந்து எபிசோடுகள் மட்டும். ஜூலை நடுவில், இரவு வாட்ச் பணி முடித்து, எண்ணெய்க் கறை போகாத கையோடு ஐந்தாவதைப் போட்டேன். முடிந்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 4,722 மணி நேரம் என்றால் 197 நாள். என் கணக்கு அன்று 5,100-ஐத் தாண்டியிருந்தது.

உடனே ஒருவர் வருவார்: “ஏசி கேபினில், சம்பளம் வாங்கிக்கொண்டு, மூன்று வேளை சாப்பிட்டவன் அவளோடு ஒப்பிட்டுக்கொள்கிறானே!” ஐயா, ஒப்பிடவில்லை. அவள் குட்டையில் தன்னை இழுத்த ஜந்துவைக் கொன்று சுட்டுத் தின்றாள். எங்கள் குக் வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டார். எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது அந்தக் கைபேசியைப் பற்றி. அவளிடம் இருப்பது ஒரே ஒரு கைபேசி. அதில் ஃபிட்ஸின் முகம். அதோடுதான் பேசுகிறாள். அத்தனை நாள் சார்ஜ் எப்படி நின்றது என்று கேலி செய்கிறார்கள். செய்யுங்கள். என் கைபேசியில் மனைவி அனுப்பிய பதினோரு நொடிக் குரல் பதிவு ஒன்று இருந்தது: “என்னங்க, சிலிண்டர் வந்திருக்கிறது, சில்லறையை எங்கே வைத்தீர்கள்?” நான் ஏறுவதற்கு முந்தைய வாரம், நான் கடைத்தெருவில் இருந்தபோது அனுப்பியது. பின்னணியில் சிலிண்டரைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்கும். அதை எத்தனை முறை கேட்டேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள்.

அப்புறம் வில். 2001-ல் நாசா அனுப்பிய விண்வெளி வீரர். கூட வந்தவர்கள் புத்தி பேதலித்துச் செத்த பிறகு தனியாக இருப்பவர். சிம்மன்ஸ் கணக்குப் போட்டு, பூமிக்குத் திரும்பும் வாயில் திறக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, செய்தி வைத்த புட்டியைப் பள்ளத்துக்கு அப்பால் அனுப்புகிறாள். வாயில் மூடிக்கொள்கிறது, புட்டி பாறையில் சிதறுகிறது. மூன்றாவது முறை ‘சைன் ஆஃப் ரத்து’, அதாவது இறங்க முடியாது, என்று கேப்டன் சொன்னபோது எங்கள் மெஸ்ஸில் யாரும் கத்தவில்லை. எலெக்ட்ரீஷியன் மட்டும் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்தப் புட்டி உடைந்ததும் சிம்மன்ஸ் முகத்தில் தெரிவது அதேதான். எழுதியவர் கிரெய்க் டிட்லி, இயக்கியவர் ஜெஸ்ஸி போச்கோ. இருவரும் கப்பலில் இருந்தார்களா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

தப்பித்தாள் என்று தெரிந்த பிறகு சுவாரசியம் எங்கே என்கிறீர்கள். மூன்றாவது எபிசோடை மறுபடி பாருங்கள். ஃபிட்ஸ் அவளை நல்ல உணவகத்துக்கு அழைத்துப் போகிறான், அவள் மேசையிலேயே உடைந்து அழுகிறாள். ஏன் என்பதற்கு ஐந்தாவதுதான் விடை. நான் அக்டோபர் 24 அன்று இறங்கினேன், 315 நாள். வீட்டில் முதல் வாரம் ஓர் இரவு கரண்ட் போனது. ஃபேன் நின்ற அமைதியில் துள்ளி எழுந்து, இருட்டில் செருப்பைத் தேடிக் கதவு வரை ஓடிவிட்டேன். கப்பலில் அந்த அமைதிக்கு ஜெனரேட்டர் படுத்துவிட்டது என்று பொருள். மனைவி டார்ச்சை என் முகத்தில் அடித்து, “எங்கே போகிறீர்கள்?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

    

எபிசோடின் கடைசியில், அவள் வில்லைக் காதலித்தது உட்பட எல்லாவற்றையும் கேட்ட ஃபிட்ஸ் பேசாமல் எழுந்து போகிறான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். அவன் போனது வில்லையும் மீட்க வழி தேட. என் டிஸ்க் அங்கேயே முடிந்துவிட்டதால் மூன்று மாதங்களுக்கு மேல் வில்லுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இன்ஜின் ரூமில் திரிந்தேன். வீட்டுக்கு வந்தபின் மனைவிக்குக் கதையைச் சொல்லி, இருவருமாகப் பத்தாவது எபிசோட் வரை பார்த்தோம். அதில் என்ன நடக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன். முடிந்ததும் அவள் டிவியை அணைத்துவிட்டு, “கப்பலில் ஐந்தோடு நின்றதே நல்லது” என்றாள்.