ஃபில்டர் போலியா?

கேள்வி: அகச்சிவப்புப் படம் எடுக்கும் ஆசையில் 720 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்று வாங்கினேன். மாட்டினால் வியூஃபைண்டரில் ஒரே இருட்டு. 30 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தும் படம் முழுக்கச் சிவப்பு, ஃபோகஸ் இல்லை, நடுவில் வெளிறிய வட்டம் வேறு. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை, ஃபில்டர் தன் வேலையைத்தான் செய்கிறது. நம் கண் பார்க்கும் ஒளி சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடும். உங்கள் ஃபில்டர் அதற்கு மேல் உள்ள அகச்சிவப்பு ஒளியைத்தான் உள்ளே விடும். அந்த ஒளி சென்சாரில் பதியும். ஆனால் அதைத் தடுக்க, சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடியைக் கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். அதையும் மீறிக் கசிந்து வருவதில்தான் நமக்குப் படம். 30 விநாடி எங்கே போதும்?

தாமிரபரணிக் கரையில் நான் எடுத்த முதல் உருப்படியான படத்துக்கு 2 நிமிடம் ஆனது. உச்சி வெயில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/8. நெல் வயல் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்திருந்தது. ஆறு மையாகக் கறுத்திருந்தது. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்றிடைவெளிகளும் இந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, தண்ணீர் விழுங்கிவிடுகிறது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-இலேயே இப்படிப் படங்கள் எடுத்து வெளியிட்டார். என் படத்தில் தென்னங்கீற்றெல்லாம் காற்றில் புகையாகக் கலைந்திருக்க, பக்கத்துப் பனையின் ஓலை மட்டும் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அந்த ஓலையை இன்றும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். டிரைபாடில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ஃபில்டரை மாட்டுங்கள். அகச்சிவப்பு ஒளி கொஞ்சம் தள்ளித்தான் குவியும். எஃப்/8 வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். வியூஃபைண்டரைத் துணியால் மூடுங்கள், நீண்ட எக்ஸ்போஷரில் அந்த வழியாகவும் வெளிச்சம் புகும். ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா ஜேபெக்காக மாற்றாத ஃபைலாக, எடுங்கள். வெயில் படும் புல்லைக் காட்டி வெள்ளைச் சமநிலை வைத்தால் சிவப்பு அடங்கிவிடும்.

நடுவில் வரும் வட்டம் லென்ஸின் குணம். சில லென்ஸ்களில் வரும், சிலவற்றில் வராது. அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்கக் கூடும். எஃப்/5.6-க்குத் திறந்து பாருங்கள், போகாவிட்டால் வேறு லென்ஸ்தான். பிசானப் பருவத்து நெல் பச்சையாக நிற்கும்போதே போய்விடுங்கள், காற்று இல்லாத நண்பகலாகப் பார்த்து.