கோவை கைமாறினால் போதுமா?
வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: சமூக சேவைத் திட்டங்களில் ஆட்கள் மாறுவதும், புதிதாய் வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்களுடைய கள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு மாத முன்னறிவித்தல் தந்து விலகுகிறார். அவர் கையில் 28 குடும்பங்கள். புது ஆள் இன்னும் எடுக்கவில்லை. கோவைகளை அடுக்கி அலுமாரியில் வைத்துவிட்டால் வருகிறவர் பார்த்துக்கொள்வார்தானே?
– திட்ட இணைப்பாளர், ஒட்டுசுட்டான்

பார்த்துக்கொள்ள மாட்டார். கோவையை வாசிப்பவருக்குக் குடும்பத்தின் கதை தெரியும், ஆனால் குடும்பத்துக்கு அவரைத் தெரியாது. கையளிப்பு என்பது அலுவலக மேசையில் அரைவாசி, படலையில் அரைவாசி. பழையவர் புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் "இனிமேல் இவர்தான் வருவார்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தை வேறு யார் சொன்னாலும் அதே பலன் இல்லை.

முதல் பிழை, ஆள் எடுக்கும்வரை காத்திருப்பது. விளம்பரம், நேர்முகம், நியமனக் கடிதம் என்று ஆறு கிழமை ஓடிவிடும். விலகுகிறவருக்கு இருப்பதோ நாலு கிழமை. இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். எனவே இன்றைக்கே நீங்களோ பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தரோ பதில் கடமைக்கு எழுத்தில் பெயர் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவருக்குத்தான் முதல் கையளிப்பு.

28 குடும்பங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து, வீட்டு வன்முறை, உயிரை மாய்க்கும் எண்ணம், கிட்டவரும் நீதிமன்றத் தவணை, இந்த நாலில் ஒன்றாவது உள்ளவை முதல் பிரிவு. அவை ஆறு என்று வைப்போம். உதவி அல்லது விண்ணப்பம் பாதியில் நிற்பவை இரண்டாம் பிரிவு, பத்து. மிச்சம் பன்னிரண்டும் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதுமானவை. முதல் இரண்டு பிரிவுக்கும் இருவரும் சேர்ந்து போக வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வீடு என்றால் 16 வீட்டுக்கு நாலு நாள்; மோட்டார்சைக்கிள் காற்றுப்போவதற்கும் ஆள் வயலுக்குப் போயிருப்பதற்கும் ஒரு நாள் கூட்டுங்கள். முதல் பிரிவு ஆறுக்கும் இரண்டாம் தடவை போக இன்னும் இரண்டு நாள். அப்போது புதியவர் கதைக்க வேண்டும், பழையவர் வாய் மூடி இருக்க வேண்டும். இது பழையவருக்குக் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூன்றாம் பிரிவுக்குப் போன் அழைப்பு போதும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும். ஒன்றுக்கு 40 நிமிடம் பிடிக்கும், 28க்கும் கிட்டத்தட்ட மூன்று வேலைநாள். ஆக, மொத்தம் பத்து நாள். ஒரு மாத முன்னறிவித்தலுக்குள் இது தாராளமாக அடங்கும், முதல் கிழமையே தொடங்கினால்.

அந்தப் பக்கத்தில் பெயர், வயது மட்டும் எழுதி முடிக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் வழி வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டிலக்கம் பார்த்துத் தேடிப்போக முடியாத ஊர்கள் எத்தனை! எந்த வாய்க்கால், எத்தனையாவது ஒழுங்கை, எந்த மரத்தடி என்று சிறு வரைபடம் கீறுங்கள். போன் இலக்கத்தோடு அந்தப் போன் யாருடையது, எத்தனை மணிக்கு யார் எடுப்பார் என்பதும் இருக்க வேண்டும். அடிக்கிற கணவனின் போனுக்கு எடுத்து "அக்கா, போன கிழமை சொன்ன விசயம்…" என்று தொடங்கிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் எந்த அலுவலகத்தில், எந்தத் திகதி, என்ன பற்றுச்சீட்டு இலக்கத்தோடு கிடக்கிறது என்பதையும் குறியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையவர் சொன்ன வாக்குகள். "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வந்ததும் அந்த வீட்டில் வாக்குத்தான். கோழிக்கூட்டுக்குத் தகரம் வரும் என்று அவர்கள் காத்திருப்பார்கள்.

கோவையின் ஒவ்வொரு தாளுக்கும் இலக்கமிட்டு, எத்தனை தாள் என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கையளிப்புப் பட்டியல் மூன்று பிரதி. விலகுகிறவரின் சொந்தப் போனில் உள்ள பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டைப் படங்கள் உங்கள் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். வட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் அவர் வெளியேற வேண்டும். இனிமேலாவது பதவிக்கென்று ஒரு சிம் எடுத்துக் கொடுங்கள். சொந்த இலக்கத்தைக் கொடுத்திருந்தால், வேறு மாவட்டத்தில் வேறு வேலை செய்பவருக்குத்தான் இரவு பதினொரு மணிக்கு அழைப்புப் போகும்.

பருவத்தைப் பற்றியும் ஒன்று. அரச உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். அதற்கு முந்திய மாதமோ குளங்கள் வான் பாய்ந்து பாதை அறுபடும் காலம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எத்தனை கிராமங்களுக்குப் போக முடியாமல் இருந்தது என்பது நினைவிருக்கும். சேர்ந்து போகும் பயணங்களை ஒக்டோபர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். டிசெம்பரில் எழுத்து வேலையை வைத்துக்கொள்ளலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். எந்த வீட்டுக்குப் போனாலும் "முந்தின மிஸ் எங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு அம்மாவிடம் படிவம் நிரப்பும்போது "கணவர் எப்ப இறந்தவர்?" என்று கேட்டேன். எழும்பி உள்ளே போய்விட்டார். கோவையில் 'விதவை' என்றுதான் இருந்தது. நான் என்ன பிழை விட்டேன்?
– கள உத்தியோகத்தர், பூநகரி

பிழை கோவையில் தொடங்கியது. அந்த அம்மாவின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருக்கலாம். வன்னியில் இந்தச் சொல் வெறும் சொல் அல்ல. 'இறந்தவர்' என்று ஏற்றுக்கொள்ளாத ஒருவரிடம் இறந்த திகதியைக் கேட்டால், நீங்களே மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி. மரணப் பதிவு தொடர்பான 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்ததே இதற்காகத்தான்: மரணத்தைப் பதியாமல், காணக்கிடைக்காமைச் சான்றிதழைப் பெற இடமிருக்கிறது. எடுப்பதா விடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. எடுக்கச் சொல்லித் தள்ளுவதும் உங்கள் வேலை இல்லை, அப்படியொன்று இருப்பதை மறைப்பதும் இல்லை.

திரும்பப் போங்கள், படிவம் இல்லாமல். "அன்றைக்கு நான் கேட்ட கேள்வி பிழை, அம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், அலுவலகத்தைக் குறை சொல்லவும் வேண்டாம். கோவையில் 'விதவை' என்பதை வெட்டித் திகதியிட்டு, அவர் தன் நிலையை எந்தச் சொல்லால் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள்.

"முந்தின மிஸ் எங்க" என்பதைக் குறையாக எடுக்காதீர்கள். போனவர் எங்கே போனார், ஏன் போனார் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. "அவ வேறு வேலைக்குப் போயிட்டா, சுகமாய் இருக்கிறா, உங்கட கோவை என்னட்ட இருக்கு" என்று சொன்னால் பாதிக் கேள்வி அடங்கும். பிறகு, கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள். ஒரே துயரத்தை மூன்றாம் ஆளுக்கு மூன்றாம் தடவை சொல்ல வைப்பது சேவை இல்லை. சுருக்கத்தை வாசித்துக் காட்டி, "இதில் பிழை இருந்தால் திருத்துங்கோ" என்று கேளுங்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் வாசிக்கவே வேண்டாம்.

இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். 40 பேர் வந்தார்கள், நல்ல சாப்பாடு, சான்றிதழும் கொடுத்தோம். ஆனால் களத்தில் எதுவும் மாறவில்லை. ஏன்?
– பயிற்சிப் பொறுப்பாளர், கிளிநொச்சி

40 பேர் என்றால் அது கூட்டம். பயிற்சிக்கு 12இலிருந்து 15 பேர். அதற்கு மேல் போனால் பின்வரிசை எழுதாது, கதைக்காது, மூன்று மணிக்குப் பஸ்ஸைப் பற்றி யோசிக்கும்.

பஸ் என்றதும் நேரத்தைப் பாருங்கள். காலை எட்டரைக்கு என்று அழைப்பு அனுப்பினால் துணுக்காயிலிருந்தும் மாந்தை கிழக்கிலிருந்தும் வருகிறவர் முதல் அமர்வைத் தவறவிடுவார். தவறவிடுவதோ பெரும்பாலும் பயிற்சியின் அடிப்படை. பத்துக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியுங்கள். இரண்டு நாளை மூன்றாக்குங்கள். காலபோக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் கிராமத் தொண்டர்களைக் கூப்பிடாதீர்கள். நாட்கூலியை விட்டு வருகிறவருக்குப் போக்குவரத்துக் காசு மட்டும் கொடுப்பது நியாயமில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பாயும் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளும் ஒழுங்கு செய்தால் வரவு தானாகக் கூடும். வவுனியா தெற்கு, வெலிஓயா போன்ற இடங்களிலிருந்து சிங்களம் பேசுவோரும் வந்தால் மொழிபெயர்ப்பு நேரத்தை இரட்டிப்பாக்கும். விடயத்தைப் பாதியாக்குங்கள், பேச்சை வேகமாக்காதீர்கள்.

உள்ளடக்கத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு திறன். உதாரணமாக, வீட்டுத் தரிசிப்புக் குறிப்பு எழுதுவது. தாளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நான் கண்டது, அவர்கள் சொன்னது, நான் நினைப்பது. ஒரு சம்பவத்தைக் கொடுத்து 15 நிமிடத்தில் எழுத வையுங்கள். முதல் தடவை பத்தில் ஏழு பேர் "தாய் கவனமில்லாதவர்" என்று முதல் நிரலில் எழுதுவார்கள் என்று எதிர்பாருங்கள். அது கண்டது இல்லை. "காலை 10.20க்கு மூத்த பிள்ளை பாடசாலை போகாமல் வீட்டில் நின்றது, அடுப்பு மூட்டியிருக்கவில்லை" என்பதுதான் கண்டது. இந்த வேறுபாடு பிடிபட்டால், அடுத்து வருகிற உத்தியோகத்தர் அந்தத் தாயைப் பார்க்கும் முன்பே அவருக்குத் தீர்ப்பு எழுதமாட்டார். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் திருத்த வையுங்கள், திரும்ப எழுத வையுங்கள். மூன்று சுற்று. 80 படவில்லைகளைத் திரையில் ஓட்டுவதைவிட இது சலிப்பாகத் தெரியும்; ஆனால் கையில் நிற்கும்.

மூன்று கிழமைக்குப் பிறகு பயிற்சியாளர் ஒவ்வொருவரோடும் ஒரு வீட்டுக்குப் போய், அன்று எழுதிய குறிப்பைப் பார்க்க வேண்டும். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள். முதல் நாளே கொடுத்தால் இரண்டாம் நாள் கதிரைகள் வெறுமையாகும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

படிவம் மாறிவிட்டதாம். எனக்குத் தெரியாமல் பழையதில் 19 பேரை நிரப்பிவிட்டேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது.
– தொண்டர், மல்லாவி

படிவத்தின் அடியில் திகதி அச்சிடாததால் வரும் வினை. "2025 ஜனவரிப் படிவம்" என்று ஒரு வரி இருந்தால் போதும். புதியது வந்த அன்றே பழைய போட்டோக்கொப்பிக் கட்டைச் சேகரித்துக் கிழிக்க வேண்டும். அலுமாரியில் மிஞ்சினால் யாராவது எடுப்பார்கள். அலுவலகத்தில் ஒரு கொப்பி வையுங்கள்: என்ன மாறியது, எந்தத் திகதி முதல், யாருக்குச் சொன்னோம், அவர் ஒப்பம். வட்ஸ்அப்பில் போட்டது சொன்னதாகாது. அந்த 19 பேரிடமும் நீங்கள் தனியே போய்த் தலைகுனிய வேண்டியதில்லை, இணைப்பாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒருவர் என்னுடைய மகனின் பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதியை வாங்கிக்கொண்டு போனவர். இப்ப வந்தவர் தன்னட்ட இல்லை என்கிறார்.
– ஒரு தாய், நெடுங்கேணி

அம்மா, முதலில் அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் 'கிடைத்தது' என்று ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். யாரிடம், எந்த மாதம் கொடுத்தீர்கள் என்று எழுதினால் போதும். அவர்கள் தேடட்டும். அதற்கிடையில் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். போட்டோக்கொப்பி ஏதும் இருந்தால் அதிலுள்ள பதிவிலக்கம் வேலையைச் சுலபமாக்கும். இனிமேல் எவர் கேட்டாலும் மூலப்பிரதியைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

ஆள் இல்லாத இடைவெளியில் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஊரில் யாரிடம் சொல்வது?
– மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கண்டாவளை

புது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுவர் விடயத்துக்கு 1929, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 1938, அம்புலன்ஸ் 1990. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். இலக்கங்களைப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். விசாரணை செய்வது சங்கத்தின் வேலை இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டு ஆளுக்காள் கேள்வி கேட்காதீர்கள்.

திட்டம் முடிகிறது. ஆறு வருடம் வேலை செய்தேன். கடைசி நாள் என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?
– விலகும் உத்தியோகத்தர், முல்லைத்தீவு

சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளச் சீட்டு, எல்லா நியமனக் கடிதங்களின் பிரதிகள், நீங்கள் ஒப்படைத்த பொருட்களின் பட்டியலில் ஒப்பம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8, நிறுவனத்திடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம். எல்லா மாதமும் கட்டப்பட்டதா என்பதைக் கணக்குக்கூற்றில் பாருங்கள். வேலையை விட்டதும் பெறக்கூடியது நம்பிக்கை நிதியம். சேமலாப நிதி பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான்.

பணிக்கொடையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்குக் கடைசிச் சம்பளத்தின் அரைமாதம். சம்பளம் 60,000 ரூபா என்றால் 30,000 பெருக்கல் 6, அதாவது 180,000. வருடாவருடம் புது ஒப்பந்தம் எழுதியதால் சேவை முறிந்தது என்று சொல்லப் பார்ப்பார்கள். அதனால்தான் பழைய கடிதங்களைத் தொலைக்காதீர்கள் என்கிறோம். 30 நாளுக்குள் கிடைக்காவிட்டால் அந்தக் கடிதங்களோடு தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடுங்கள்.