விதைப் பையில் இருப்பது இண்டிகாவா, ஆப்பிரிக்கானாவா?

கேள்வி: கேழ்வரகுடன் கலப்பினம் செய்யக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சேகரித்த காட்டுப் புல் விதை வாங்கினேன். பையில் 'எலூசின் இண்டிகா' என்றிருக்கிறது. செடிகளோ இரண்டு விதமாகத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

பதில்: பெயர்ச்சீட்டை நம்பி மகரந்தம் எடுக்காதீர்கள். எலூசின் ஆப்பிரிக்கானா என்ற இன்னொரு காட்டுப் புல்லை இண்டிகாவின் துணையினமாக வைத்த நூல்கள் உண்டு. அதனால் இரண்டும் ஒரே பெயரில் வந்திருக்கலாம். உங்கள் வேலைக்கு இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. இண்டிகாவுக்குக் குரோமோசோம் 18. ஆப்பிரிக்கானாவுக்கும் கேழ்வரகுக்கும் 36. இண்டிகாவைக் கேழ்வரகுடன் சேர்த்தால், கலப்பு பிடித்தாலும் செடிக்கு 27தான் இருக்கும், விதை கட்டாது. ஆப்பிரிக்கானாவோ கேழ்வரகின் காட்டு மூதாதை, இயல்பாகவே கலக்கும்.

உயரம், தூர் எண்ணிக்கை இரண்டையும் விடுங்கள். அவை மண்ணையும் நீரையும் பொறுத்து மாறும். கதிரின் நடுப்பகுதியிலிருந்து சிறுகதிரை (கதிரில் உள்ள சின்னப் பூங்கொத்து) எடுத்து, 10 மடங்கு லென்ஸில் அதன் கீழ்க் க்ளூமை (சிறுகதிரின் அடியில் உள்ள இரண்டு செதில்களில் கீழே இருப்பது) பாருங்கள். ஒரே நரம்பு, நீளம் சுமார் 1.1 முதல் 2.3 மி.மீ. என்றால் இண்டிகா. இரண்டு மூன்று நரம்புகளோடு 2 மி.மீ.க்கு மேல் நீண்டால் ஆப்பிரிக்கானா. லெம்மாவும் (ஒவ்வொரு பூவையும் மூடும் வெளிச் செதில்) இண்டிகாவில் 4 மி.மீ.யைத் தாண்டாது. அளவுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் நரம்பைத்தான் முதலில் எண்ண வேண்டும். நுனிச் சிறுகதிர்கள் சிறுத்திருக்கும், ஏமாற்றும்.

சந்தேகம் தீராவிட்டால் வேர்நுனியில் குரோமோசோம்களை எண்ணிவிடுங்கள். 1 செ.மீ. வேரைப் பனிக்கட்டி நீரில் 24 மணி நேரம் வைத்து, 3 பங்கு எத்தனால், 1 பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் நிலைப்படுத்தி, அசிட்டோகார்மினில் சாயமேற்றி நசுக்குங்கள். குரோமோசோம்கள் மிகச் சிறியவை. பனிக்கட்டி நீரில் போதிய நேரம் வைக்காவிட்டால் சுருங்காமல் பின்னிக்கிடக்கும், 18ஆ 36ஆ என்றே சொல்ல முடியாது.

டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவதாக இருந்தால் பசுங்கணிக (இலைக்குப் பச்சை தரும் செல் உறுப்பு) டி.என்.ஏ. குறியீட்டை மட்டும் கேட்காதீர்கள். ஆப்பிரிக்கானாவின் பசுங்கணிகம் இண்டிகா வழித் தாயிடமிருந்து வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். உட்கருவில் உள்ள ஒரு தனிப்படி மரபணுவை (ஒரு குரோமோசோம் தொகுதிக்கு ஒரே பிரதி உள்ளது) பாருங்கள்: இண்டிகாவில் ஏ தொகுதியின் (இண்டிகா வழிக் குரோமோசோம்கள்) வடிவம் மட்டும், ஆப்பிரிக்கானாவில் ஏ, பி (மற்றொரு மூதாதை வழி வந்தவை) இரண்டும் கிடைக்கும்.

ஆப்பிரிக்கானா என்று உறுதியானால், கலப்பின் வாரிசுகளில் மணி உதிரும் குணமும் வரும். மணி பழுக்குமுன்பே கதிர்களுக்குப் பை கட்டிவிடுங்கள்.