குதிரைப் பண்ணை விற்பனைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் இரண்டு குதிரைகள் இருக்கின்றன, மேலும் இரண்டு வாங்கும் எண்ணமும் உண்டு. ஊர்ப்புறத்தில் 12 ஏக்கர் குதிரைப் பண்ணை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வீடு, ஆறு அறைகள் கொண்ட லாயம், சவாரித் திடல், வேலியிட்ட மேய்ச்சல் நிலம் எல்லாம் இருக்கின்றன. நாளைக்கே குதிரைகளைக் கொண்டுவந்து கட்டலாம் என்கிறார் விற்பவர். வீடு, நிலம் வாங்கிய அனுபவம் உண்டு என்றாலும் பண்ணை வாங்குவது இதுவே முதல் முறை. எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். வீடும் லாயமும் கண்ணில் படுபவை. விற்பவர் சொல்லும் விலையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான் இருக்கும். ஆனால் குதிரை நாளின் பெரும்பகுதியை நிற்பதிலும் மேய்வதிலும் கழிக்கும் பிராணி. அதன் உடல்நலத்தைத் தீர்மானிப்பவை காலடி மண்ணும், குடிக்கும் தண்ணீரும், வாய்க்கு எட்டும் செடிகளுமே. ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம், இடிந்த சுவரைக் கட்டிவிடலாம். நீர் வடியாத தாழ்வான நிலத்தையும் வறண்ட கிணற்றையும் எத்தனை செலவிட்டாலும் முழுமையாகத் திருத்த முடிவதில்லை. ஆகவே நிலம், நீர், வேலி, அதன்பின் கட்டடம் என்ற வரிசையில் பார்ப்பதே சரி.

பன்னிரண்டு ஏக்கர் என்பது பத்திரத்தில் உள்ள அளவு. அதிலிருந்து வீடு, முற்றம், வண்டிப்பாதை, லாயம், திடல், மரத்தோப்பு, செங்குத்தான சரிவு, ஆண்டில் சில மாதங்கள் நீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சும் பரப்பை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புல் நன்றாக வளரும் மண்ணும் போதிய மழையும் உள்ள இடத்தில், தீவனத்தின் பெரும்பகுதியை மேய்ச்சலிலிருந்தே பெற வேண்டுமானால் ஒரு குதிரைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஏக்கர் வரை தேவை என்பது பொதுவான கணக்கு. உங்கள் நான்கு குதிரைகளுக்கு அது 6 முதல் 8 ஏக்கர் ஆகும். வறண்ட பகுதிகளில் இந்தக் கணக்கு பல மடங்கு கூடும். எஞ்சும் பரப்பு 5 ஏக்கர்தான் என்றால் வாங்கவே கூடாது என்பதில்லை. ஆனால் உலர்புல்லை ஆண்டு முழுவதும் விலைக்கு வாங்கப்போகிறீர்கள் என்று பொருள். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ வரை உலர் தீவனம் உண்ணும். மேய்ச்சலே இல்லாவிட்டால் நான்கு குதிரைகளுக்கு ஆண்டுக்கு 12 முதல் 15 டன் வரை தேவைப்படும். அதை நனையாமல் சேமித்துவைக்க இடம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

மேய்ச்சல் நிலம் ஒரே திறந்த வெளியாக இருக்கிறதா, பகுதிகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். குதிரைகள் தமக்குப் பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தரையோடு கடித்து மேய்ந்துவிட்டு, இலத்தி போடும் இடத்தைத் தொடாமல் விடும் வழக்கம் உடையவை. புல்லை 7, 8 சென்டிமீட்டருக்குக் கீழே போகவிடாமல் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாற்றினால்தான் வேர் பிழைக்கும். மழைக்காலத்தில் புல்தரையை மிதிபடாமல் காக்க, குதிரைகளை அடைத்துவைக்கச் சரளை பரப்பிய சிறு அடைப்பு ஒன்றும் வேண்டும். விற்பனைக்கு வரும் பண்ணைகளில் பெரும்பாலும் இல்லாதிருப்பது இந்த அடைப்புத்தான்.

மண்ணைப் பார்க்க மழைக்கு மறுநாள் போக வேண்டும். விளம்பரப் படங்களில் சேறு இருப்பதில்லை. வாயிற்கதவை ஒட்டிய மூலை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள இடம், லாயத்தின் வாசல் ஆகிய மூன்றிலும் குதிரைகள் கூடி நிற்கும். அங்கே குளம்படிகள் பள்ளங்களாகப் பதிந்து நீர் நிறைந்திருந்தால் மற்ற இடங்களைப் பற்றியும் ஓரளவு ஊகிக்கலாம். கையோடு ஒரு மண்வெட்டி கொண்டுபோய், விற்பவரின் அனுமதியுடன் மேட்டில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக ஓரடி ஆழக் குழி வெட்டுங்கள். நீர் நிரப்பி, அது முழுவதும் வடிந்தபின் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் கவலையில்லை. அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த நிலம் ஈர மாதங்களில் சேறாகத்தான் கிடக்கும். இடைவிடாத சேறு குளம்பின் அடிப்பகுதியில் அழுகலையும் கால் தோலில் புண்களையும் உண்டாக்கும். வெறும் மணலும் நல்லதல்ல. புல் குறைந்த மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினால், அதனோடு உள்ளே போகும் மணல் குடலில் படிந்து, உயிருக்கே உலை வைக்கக்கூடிய வயிற்றுவலியை வரவழைக்கும்.

தண்ணீர்க் கணக்கில் பலர் ஏமாறுவது குதிரையின் தாகத்தால் அல்ல. வளர்ந்த குதிரை சாதாரண நாளில் 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். வெயிலிலும் வேலையிலும் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். நான்கு குதிரைகளுக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் எந்தக் கிணறும் தாங்கும் என்றே தோன்றும். ஆனால் சவாரித் திடலில் தூசி பறக்காமல் இருக்க நீர் தெளிக்க வேண்டுமே! 20 மீட்டருக்கு 60 மீட்டர் அளவுள்ள திடலில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தெளித்தாலே 6,000 லிட்டர் ஆகிவிடும். எனவே குழாயைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கிணற்றுப் பம்பைப் பல மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, மீண்டும் ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஆண்டின் வறண்ட பருவத்தில் அளக்கச் செய்யுங்கள். நீரின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, உப்பு, நைட்ரேட், கிருமிகள் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கு மேற்புறச் சரிவில் இலத்திக் குவியல் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

அடுத்து வேலியோரமாக நிலம் முழுவதையும் ஒருமுறை நடந்தே சுற்றி வாருங்கள். இந்த நடையில் செடிகளையும், அந்த நிலத்தின் பழைய வரலாற்றையும் பார்க்க வேண்டும். அழகுக்காக நட்ட அரளியின் சில இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதும். இலை காய்ந்த பின்னும் நஞ்சு போவதில்லை. ஆமணக்கு விதை, குளிர்ப் பகுதிகளில் யூ மரம், ராக்வோர்ட் என்னும் மஞ்சள் பூக் களை, வாடிய சிவப்பு மேப்பிள் இலை ஆகியவையும் ஆபத்தானவை. அந்தப் பகுதியின் நச்சுச் செடிகளை அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவரையோ வேளாண் அலுவலரையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. அந்த இடம் முன்பு மாட்டுப் பண்ணையாகவோ கோழிப் பண்ணையாகவோ இருந்ததா என்றும் தவறாமல் கேளுங்கள். அவற்றின் தீவனத்தில் கலக்கப்படும் மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்கும் கோழிக்கும் பயன்படுவது. குதிரைக்கோ மிகச் சிறிய அளவிலேயே இதயத்தைப் பாதித்து உயிரைப் பறிக்கக்கூடியது. பழைய தீவனத் தொட்டிகளையும் மூட்டைகளையும் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.

மாட்டுப் பண்ணையிலிருந்து மாறிய இடங்களில் முள்கம்பி வேலி அப்படியே விடப்பட்டிருக்கும். மிரண்டு ஓடும் குதிரை முள்கம்பியில் சிக்கினால் தசையும் தசைநாணும் கிழிபடும். அதற்குப் பிறகு பல குதிரைகள் சவாரிக்கு உதவுவதில்லை. குதிரைக்கு ஏற்றவை மரச்சட்ட வேலி, குளம்பு நுழையாத சிறு கண்ணி வலை, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பட்டையான மின்வேலி போன்றவையே. உயரம் நாலரை முதல் 5 அடி இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்தையும் கையால் அசைத்துப் பாருங்கள். மண் மட்டத்தில் உளுத்த கம்பம் வெளியே நன்றாகத்தான் தெரியும். வேலியின் மொத்த நீளத்தை அளந்து, முழுவதையும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு வாங்கிவிடுங்கள். பண்ணை வாங்குபவர்களின் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பெருஞ்செலவு இதுவே.

லாயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சராசரி உயரமுள்ள குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை, 10 முதல் 12 அடி அகல நடைபாதை, தலையை உயர்த்தினாலும் இடிக்காத கூரை ஆகியவை தேவை. காற்றோட்டத்தை அறிய, காலையில் இலத்தி அள்ளுவதற்கு முன்பே போய், குதிரை படுக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால், நிற்பவருக்குத் தெரியாத கெட்ட காற்றைக் குதிரை இரவு முழுவதும் சுவாசிக்கிறது என்று பொருள். மின்கம்பிகள் எலி கடிக்க முடியாதபடி குழாய்க்குள் செல்கின்றனவா என்று பாருங்கள். உலர்புல்லை லாயத்தின் பரணிலேயே அடுக்கியிருந்தால் அந்த வழக்கத்தை நீங்கள் தொடர வேண்டாம். ஈரம் மிகுந்த புல்கட்டு தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் தனிக் கட்டடமே பாதுகாப்பு. திடலில் மேலே பரப்பிய மணலை மட்டும் பார்க்காதீர்கள். ஓரிடத்தில் தோண்டி, அதற்கு அடியில் இறுக்கிய சரளைத் தளமும் வடிகாலும் இருக்கின்றனவா என்று சோதியுங்கள். வெறும் மண்மேல் மணலைக் கொட்டிய திடல் சில மழைக்குள் மேடுபள்ளமாகிவிடும். மணல் மிக ஆழமாக இருந்தால் தசைநாண்கள் பாதிக்கப்படும்.

இலத்தியையும் மறந்துவிடாதீர்கள். ஒரு குதிரை சிறுநீருடன் சேர்த்து நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ வரை கழிக்கும். நான்கு குதிரைகளின் ஓராண்டுக் கழிவு 29 டன்னைத் தாண்டும். அதை எங்கே குவிப்பது, யார் எடுத்துச் செல்வார்கள், நீர்நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது ஆகிய மூன்றுக்கும் விடை வேண்டும்.

சட்டப் பக்கத்தில், வழக்கமான வில்லங்கச் சோதனைக்கு மேலாகச் சில கேள்விகள் உண்டு. அந்த நிலப் பயன்பாட்டு வகையில் எத்தனை குதிரைகள் வைக்கலாம்? பிறர் குதிரைகளைக் கட்டணத்துக்குப் பராமரிக்கவோ சவாரி கற்பிக்கவோ தனி அனுமதி வேண்டுமா? லாயமும் திடலும் முறையான அனுமதியுடன் கட்டப்பட்டவையா? குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியுடன் வரும் வாகனம் திரும்பக்கூடிய அகலத்தில் பொதுச் சாலைக்குப் பாதை உரிமை எழுத்தில் இருக்கிறதா? பக்கத்துக் காட்டில் சவாரி போகலாம் என்று விளம்பரம் சொன்னால், அது ஆவணமான உரிமையா, அண்டை நிலத்துக்காரர் வாய்மொழியாகக் கொடுத்த இணக்கமா என்று அவரிடமே போய்க் கேளுங்கள். வாய்மொழி இணக்கம் உங்களுக்கும் தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது. கழற்றி எடுக்கக்கூடிய லாயத் தடுப்புகள், ரப்பர் விரிப்புகள், வேலிச் சட்டங்கள், தாண்டும் தடைகள், டிராக்டர் ஆகியவற்றில் எவை விற்பனையில் அடங்கும் என்பதைப் பட்டியலாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வழக்கறிஞரும் கட்டடப் பொறியாளரும் மட்டும் போதாது. அப்பகுதியில் குதிரை மருத்துவம் பார்ப்பவரையும், லாடம் அடிப்பவரையும் சந்தித்து அந்தப் பண்ணையைப் பற்றிக் கேளுங்கள். எந்த நிலத்தில் ஆண்டுதோறும் குளம்பு நோய் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் அழைத்தால் மருத்துவர் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நீர், மண், அனுமதி ஆகிய மூன்றின் சோதனை முடிவுகள் சரியாக இருந்தால் மட்டுமே விற்பனை நிறைவேறும், இல்லையேல் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒப்பந்தம் போடுங்கள். நாளைக்கே குதிரைகளைக் கட்டலாம் என்று சொல்பவர் இந்த நிபந்தனைக்குத் தயங்கினால், தயக்கம் மூன்றில் எதைப் பற்றியது என்று நேரடியாகக் கேட்டு, அந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.